தண்ணீர் ஊற்றியும் கன்று வாடுகிறதா? வடசென்னைக் கோடைக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

புதிதாக நட்ட மரக்கன்று வாடினால் நம் கை தானாகவே குடத்தைத் தேடுகிறது. வடசென்னையில் அது பல நேரம் தவறான வைத்தியம். தாகத்தில் தவிக்கும் கன்று, களிமண்ணில் மூச்சுத் திணறும் கன்று, உப்புத் தண்ணீர் குடித்த கன்று, மூன்றும் இலையை ஒரே மாதிரிதான் தொங்கப் போடுகின்றன. இலையை மட்டும் பார்த்து ஊற்றினால் முதலாவது பிழைக்கும். மற்ற இரண்டுக்கும் அந்தத் தண்ணீரே எமன்.

உங்கள் கன்றில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதலில் வரும் மண் சோதனையைத் தாண்டிவிட வேண்டாம். பின்னால் சொல்லப்படுவதெல்லாம் அதை நம்பியே இருக்கிறது.

முதல் வேலை: இரண்டு இடத்தில் தோண்டுங்கள்

ஒரு களைக்கொத்தி போதும். அதுவும் இல்லையென்றால் நீளமான ஸ்க்ரூடிரைவர். தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி, நர்சரிக் கவரோடு வந்த மண்ணில் ஒரு குழி. அங்கிருந்து ஒரு சாண் வெளியே, ஊர் மண்ணில் இன்னொரு குழி. இரண்டும் அரையடி ஆழம் போக வேண்டும். மேல்மண் ஈரமாக இருப்பதையோ காய்ந்திருப்பதையோ கணக்கில் எடுக்கக் கூடாது. மே மாத வெயிலில் காலையில் ஊற்றிய தண்ணீரின் தடம் பத்து மணிக்கே மேற்பரப்பில் மறைந்துவிடும், அடியில் குளம் நின்றாலும்.

அடியிலிருந்து எடுத்த மண்ணைக் கைப்பிடிக்குள் அழுத்துங்கள். உருண்டையாகி, கையில் லேசான ஈரம் ஒட்டினால் போதுமான தண்ணீர் இருக்கிறது. பொலபொலவென்று உதிர்ந்தால் வறட்சி. வழுவழுவென்று பிசைந்து, சாக்கடை வாடை அடித்தால் தண்ணீர் மிகுதி. இரண்டு குழியும் இரண்டு விதமாகச் சொன்னால் வியப்பதற்கில்லை. அந்த வித்தியாசத்தில்தான் பாதி நோய் ஒளிந்திருக்கிறது.

உங்கள் தெருவின் மண் எந்த வகை என்பதையும் இந்தக் குழியே சொல்லிவிடும். பொதுவாகக் காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று கடலை ஒட்டிய பட்டை முழுக்க மணல். மேற்கே நகர்ந்து வியாசர்பாடி, கொடுங்கையூர், மாதவரம், மணலி என்று போனால் களி. இரண்டுக்கும் மேலே, எங்கு தோண்டினாலும், கட்டட இடிபாடு: செங்கல் துண்டு, சிமெண்ட் கட்டி, ஓடு. அண்டை வீட்டுக்காரர் சொல்லும் தண்ணீர்க் கணக்கு உங்கள் கன்றுக்குப் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம்.

மதியம் தொங்குகிறது, மாலையில் நிமிர்கிறது

கவலை வேண்டாம். வெயிலில் இலை இழக்கும் நீரை, இன்னும் பரவாத வேரால் அந்த வேகத்தில் ஈடுகட்ட முடியவில்லை. கடற்காற்று வந்ததும் நிமிர்ந்துவிடும். கடற்காற்று தாமதமாகி மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும் நாட்களில் இந்த வாட்டம் கொஞ்சம் நீளும். நடுப்பகலில் ஓடிப்போய் ஊற்ற வேண்டியதில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்குப் பாருங்கள். இலை விறைப்பாக இருந்தால் உங்கள் பாசனம் சரியாகவே நடக்கிறது. சாக்குத் துணியாலோ பச்சை நிழல்வலையாலோ மேற்குப் பக்கம் மட்டும் ஒரு மறைப்புக் கட்டினால் கத்திரி முடியும்வரை கன்றுக்குப் பெரிய உதவி.

ஒன்று மட்டும்: மாடியில் வெயிலில் நிற்கும் சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து குழாய் போட்டு ஊற்றுபவர்கள், குழாயில் தேங்கிய முதல் தண்ணீரைக் கையில் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்புங்கள். மதியத்தில் அது கை வைக்க முடியாத சூட்டில் வரும். காலையும் மாலையும் ஊற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

காலையிலேயே தொங்கிக் கிடக்கிறது

இதுதான் உண்மையான அபாயக் குறி. இரவு முழுக்க ஓய்வு கிடைத்தும் கன்று நிமிரவில்லை என்றால் வேருக்கு நீர் எட்டவில்லை, அல்லது வேர் வேலை செய்யவில்லை. இரண்டு குழியையும் பாருங்கள்.

அடிக்கடி கிடைக்கும் விடை இது: வெளிக்குழி ஈரம், உள்குழி வறட்சி. கொடுங்கையூரில் ஒரு தெருவில் காய்ந்துபோன புங்கன் ஒன்றைத் தோண்டிப் பார்த்தோம். தெருக்காரர்கள் நாள் தவறாமல் ஊற்றியிருக்கிறார்கள். குழியைச் சுற்றிக் கறுப்புக் களி சதசதவென்று இருந்தது. ஆனால் கன்றைத் தூக்கியபோது கவர் வடிவத்திலேயே செம்மண் உருளையாக வந்தது, செங்கல்லைப் போலக் கெட்டியாக. தரையில் தட்டி உடைத்தால் உள்ளே தூசு பறந்தது. வேர்கள் உருளையின் அடியில் சுருள் சுருளாகச் சுற்றியிருந்தன. ஒன்றுகூட வெளியே எட்டிப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் கவரைக் கீறி மட்டும் விட்டு, முழுதாக உரிக்காமல் நட்டிருந்தார்கள். அடிப்பாகத்தில் கறுப்புக் கவர் அப்படியே தொப்பி போட்டதுபோல் இருந்தது.

இப்படி ஆவதற்குக் கவர் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நர்சரியில் செம்மண்ணை அழுத்தி நிரப்புகிறார்கள். அது ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் சுருங்கி இறுகிவிடும். பிறகு ஊற்றும் தண்ணீர் சுற்றியிருக்கும் தளர்ந்த மண்ணில் இறங்கி ஓடுமே தவிர, உருளைக்குள் நுழையாது. நட்ட முதல் சில வாரங்களுக்குக் கன்றுக்கு இருக்கிற வேரெல்லாம் அந்த உருளைக்குள்தான். வெளியே எவ்வளவு ஈரம் இருந்தாலும் அதற்குப் பயனில்லை.

சரிசெய்யும் வழி: மெல்லிய கம்பியால் உருளையில் ஏழெட்டு இடத்தில் செங்குத்தாகத் துளையிடுங்கள், தண்டை ஒட்டிக் குத்தாமல். பிறகு தண்ணீரைக் கொட்டாமல் சொட்டவிடுங்கள். இருபது லிட்டர் பழைய கேன் ஒன்றின் அடியில் ஊசித் துளை போட்டுத் தண்டுக்கு அருகில் வைத்தால், இரண்டு மூன்று மணி நேரத்தில் உருளை ஊறிவிடும். மறுநாள் உள்குழியை மறுபடி சோதியுங்கள். இன்னும் உதிர்கிறதா, இன்னொரு முறை. ஊறியபின் வழக்கமான பாசனத்துக்குத் திரும்பலாம்; ஆனால் முதல் ஒரு மாதத்துக்குத் தண்ணீர் தண்டுக்கு அருகில்தான் விழ வேண்டும். பெரிய வட்டப் பாத்தி போட்டு அதன் ஓரத்தில் ஊற்றுவது வளர்ந்த மரத்துக்கான முறை.

கவர் உள்ளே இருப்பதாகச் சந்தேகம் வந்தால், ஒரு பக்கமாகத் தோண்டிக் கையை விட்டுப் பாருங்கள். இருந்தால் மாலை வேளையில் மண்ணோடு தூக்கி, உரித்து, சுருண்ட வேர்களைக் கையால் கொஞ்சம் பிரித்துவிட்டு மறுபடி நட்டுவிடுவதே நல்லது. கன்றுக்கு இது அதிர்ச்சிதான். ஆனால் அப்படியே விட்டால் எப்படியும் போய்விடும்.

இரண்டு குழியும் வறண்டிருந்தால் வெறும் தாகம். ஊற்றுங்கள், முடிந்தது. இரண்டும் சேறாக இருந்தால் மஞ்சள் இலைப் பகுதிக்குப் போங்கள்.

இலை ஓரம் கருகுகிறது

வடசென்னையில் அதிகம் பார்ப்பதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். இலையின் நுனியும் விளிம்பும் காப்பிப் பொடி நிறத்தில் காய்ந்து, நடுப்பகுதி பச்சையாக நிற்கும். முதலில் பழைய இலைகளில் வரும். “தண்ணீர் போதவில்லை” என்று எண்ணி அதே போர் தண்ணீரை இன்னும் அடிக்கடி ஊற்றுவார்கள். கருகல் மேலேறும்.

மண்ணைப் பாருங்கள். காய்ந்த நேரத்தில் பாத்தி ஓரத்தில் வெள்ளைப் பூப்பு தெரிகிறதா? அது உப்பு. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே ஏறிவந்தது அரை நூற்றாண்டுக்கு மேலாகவே தெரிந்த செய்தி. எண்ணூர், திருவொற்றியூர் கரையோரம் போர் தண்ணீரை வாயில் வைத்தாலே தெரிந்துவிடும். ஊற்றிய தண்ணீர் ஆவியாகிப் போகிறது, உப்பு மண்ணிலேயே தங்குகிறது. நாள்தோறும் அரைக்குடம் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுபவர்களின் கன்றுதான் முதலில் கருகுகிறது. அந்த அளவு உப்பை வேர்மட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கப் போதும். அதைத் தாண்டிக் கீழே தள்ளப் போதாது.

நாக்கை நம்ப வேண்டாம் என்றால், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருக்கிறது. வீடுகளுக்கு ஆர்ஓ வடிகட்டி பழுதுபார்க்க வரும் தம்பிகள் எல்லாரும் சட்டைப் பையில் பேனாவைப் போல ஒன்று வைத்திருப்பார்கள். அடுத்த முறை வரும்போது ஒரு டம்ளர் போர் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டுங்கள். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு பாசன நீருக்குச் சொல்லும் அளவுகோல் இது: லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் தடையில்லை, 450 முதல் 2000 வரை கவனத்தோடு பயன்படுத்தலாம், 2000-க்கு மேல் போனால் கடுமையான கட்டுப்பாடு தேவை. மூன்றாவது வகையை இளங்கன்றுக்கு ஊற்றுவதைவிட ஊற்றாமல் இருப்பதே மேல் என்று நான் சொல்வேன்.

தீர்வு மூன்று படி. முதலில் கழுவல்: நல்ல தண்ணீர் கிடைக்கும் நாளில் மூன்று நான்கு குடம் ஒரே மூச்சில், ஆனால் மெதுவாக, ஊற்றி உப்பை வேருக்குக் கீழே இறக்குங்கள். கோடை மழை பெய்தால் அதைப்போன்ற கழுவல் வேறில்லை; மழை நேரத்தில் பாத்தியின் கரை உடைந்திருக்கிறதா என்று பார்த்து அடைத்துவிடுங்கள். அடுத்து, ஊற்றும் தடவையைக் குறைத்து அளவைக் கூட்டுங்கள். பிறகு மூடாக்கு, அதாவது மண்ணைச் சருகால் மூடிவைப்பது. ஆவியாவது குறைந்தால் உப்பு மேலே ஏறுவதும் குறையும்.

களிமண்ணில் கழுவல் எளிதில் நடக்காது. உப்பிலுள்ள சோடியம் களியைக் குழைத்து, மேலே ஓடு போலப் படியவைத்துவிடும். உரக்கடையில் கிடைக்கும் ஜிப்சம், மூன்றடி அகலப் பாத்திக்குக் கால் கிலோ முதல் அரை கிலோ வரை, மேல்மண்ணில் கொத்திக் கலந்துவிட்டுப் பிறகு கழுவினால் தண்ணீர் இறங்கத் தொடங்கும்.

கருகிய கன்றுக்கு “சத்து” என்று யூரியா வைக்காதீர்கள். அதுவும் உப்பைப் போலவே வேரைச் சுடும்.

இன்னொரு வேறுபாட்டையும் கவனியுங்கள். கருகல் கன்றைச் சுற்றி எல்லாப் பக்கமும் இருந்தால் மேலே சொன்ன கதை. கிழக்குப் பார்த்த இலைகள் மட்டும் கருகியிருந்தால் கடற்காற்று கொண்டுவரும் உப்பு. அதற்கு மாலையில் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிடலாம். உப்புத் தண்ணீரை மட்டும் இலைமீது தெளிக்கவே கூடாது. மேற்குப் பார்த்த இலைகள் மட்டும் என்றால் பக்கத்துச் சுவரின் அனல், அல்லது தகரக் கூண்டு. எண்ணூர், மணலிப் பக்கம் இலைமேல் கரித்தூசும் படியும். அதே மாலைக் கழுவல் அதற்கும் ஆகும்.

கடற்கரையை ஒட்டி இனிமேல் நடப்போகிறவர்கள் பூவரசு, புன்னை, புங்கன் பக்கம் போனால் இந்தத் தலைவலியே பாதி குறையும். மூன்றும் உப்பைத் தாங்குபவை. திருவொற்றியூர்க் கரையில் நின்றுகொண்டு குளிர்நாட்டுப் பூமரம் தேடுவது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன, மண் வாடை அடிக்கிறது

தண்ணீர் மிகுதி. களிமண்ணில் குழி தோண்டி, அதில் தளர்ந்த செம்மண்ணும் எருவும் நிரப்பி நட்டால், அந்தக் குழி ஒரு தொட்டியாகிவிடுகிறது. நான்கு பக்கமும் அடியும் களிச்சுவர். ஊற்றுவது உள்ளே போகும், வெளியே வர வழியில்லை. மேல்மண் வெயிலில் வெடித்துக் காய்ந்திருக்க, அடியில் வேர் அழுகிக்கொண்டிருக்கும். வேருக்கு நீரைப் போலவே காற்றும் வேண்டும். தேங்கிய நீரில் அது கிடையாது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் தண்ணீருக்குள் நிற்கும் கன்றும் தாகத்தில் இருப்பதுபோல் வாடுகிறது.

நடுவதற்கு முன் செய்திருக்க வேண்டிய சோதனையை இப்போதும் செய்யலாம். கன்றிலிருந்து இரண்டடி தள்ளி, ஒரு அடி ஆழக் குழி தோண்டி நிரம்பத் தண்ணீர் விடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் வடிந்தால் பழுதில்லை. மறுநாளும் நின்றால் அங்கே வாரம் ஒருமுறைக்கு மேல் ஊற்ற இடமே இல்லை.

இப்போதைக்கு ஊற்றுவதை நிறுத்துங்கள். கடப்பாறையால் குழியின் ஓரத்தில் மூன்று நான்கு இடத்தில், களியையும் தாண்டி ஆழமாகக் குத்தி, அந்தத் துளைகளில் ஜல்லியோ உடைந்த செங்கல்லோ மணலோ நிரப்புங்கள். மூடாக்கை விலக்கி மண்ணை ஆறவிடுங்கள். உள்குழி கைப்பிடி உருண்டை நிலைக்கு வந்தபிறகே அடுத்த தண்ணீர். அடியில் சிமெண்ட் பலகை போல ஏதாவது தட்டுப்பட்டால், பழைய தளம் அங்கே புதைந்திருக்கிறது. உடைக்க முடிந்தால் உடைத்துவிடுங்கள். முடியாவிட்டால் கன்றை இடம் மாற்றுவதுதான் வழி. இந்தக் கோடை பிழைத்தாலும் ஐப்பசி மழையில் அங்கே மூழ்கிவிடும்.

ஊற்றியது ஓடிவிடுகிறது

மண் இறுகியிருக்கிறது. நடைபாதைக் கன்றுகளில் இது வழக்கம். வண்டியேறி, ஆள் மிதித்து, மேலே கல்போல் ஆகியிருக்கும். தண்டைச் சுற்றி இரண்டு மூன்றடி அகலத்துக்கு, வேரைக் காயப்படுத்தாமல் இரண்டு அங்குலம் கொத்திவிட்டு, ஓரத்தில் ஒரு சாண் உயரக் கரை கட்டுங்கள். முதலில் ஒரு சொம்பு தெளித்து மண்ணை நனையவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மீதியை ஊற்றினால் உள்ளே இறங்கும்.

சாலைப் பணியில் தண்டுவரை சிமெண்ட் பூசியிருந்தால் மேலே எந்த வித்தையும் செல்லாது. குறைந்தது ஒரு மீட்டர் சதுரமாவது திறந்த மண் வேண்டும் என்று எழுத்தில் மனு கொடுங்கள். வடசென்னை மாநகராட்சியின் பல மண்டலங்களாகப் பிரிந்திருக்கிறது. மனு உங்கள் மண்டலத்துக்குப் போக வேண்டும்.

ஊற்றியது உடனே காணாமல் போகிறது

மணல். தண்ணீர் நேரே கீழே போய்விடுகிறது. இங்கே அளவைக் கூட்டிப் பயனில்லை, வேரைத் தாண்டிய நீர் வீண். ஒரு குடத்தைக் காலையும் மாலையுமாகப் பிரித்து ஊற்றுங்கள். ஆனால் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இந்தப் பிரிப்பு ஆகாது, உப்பு சேரும். அப்போது வாரம் ஒருமுறையாவது ஒரு பெருங்கழுவல் சேர்த்துக்கொள்ள வேண்டும். மணலில் அது எளிதாகவே நடக்கும். மணலுக்கு உள்ள ஒரே நல்ல குணம் அது.

மண்ணையே மாற்றுவதுதான் நிலையான வழி. தண்டைச் சுற்றி ஒரு அடி தள்ளி வளையமாகத் தோண்டி, மட்கிய எருவும் ஏரி வண்டலும் கலந்து நிரப்புங்கள். தென்னை நார்க்கழிவு நீரை நன்றாகப் பிடிக்கும். ஆனால் பதப்படுத்தாததில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும்.

இளநீர் மட்டை இந்த ஊரில் மலைபோல் கிடக்கிறது. தென்னந்தோப்புக்காரர்கள் மட்டையைப் புதைக்கும்போது குழிந்த பக்கம் மேலே பார்க்கப் புதைப்பார்கள், ஈரத்தை ஏந்திக்கொள்ளும் என்று. மண்ணுக்குள் அது சரி. பாத்தியின் மேலே மூடாக்காகப் பரப்பும்போது அப்படியே தலைகீழாக்கிவிடுங்கள்: குழிந்த பக்கம் கீழே. மேலே பார்த்திருந்தால் கொசு முட்டையிடும். டெங்கு ஆய்வுக்கு வருபவர்கள் உங்கள் கன்றைப் பாராட்டப் போவதில்லை. வேப்பஞ்சருகு, புங்கஞ்சருகு எல்லாம் இன்னும் நல்ல மூடாக்கு. கரும்புச் சாறுக் கடைச் சக்கையை நன்றாகக் காயவைத்த பிறகு போடலாம். பச்சையாகப் போட்டால் எறும்பு படையெடுக்கும். எதுவாக இருந்தாலும் தண்டைத் தொடக் கூடாது, நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும். தொட்டால் கரையானுக்கு ஏணி வைத்துக் கொடுத்ததுபோல் ஆகும். மண்பூச்சு ஏற்கெனவே தண்டில் ஏறியிருந்தால் சுரண்டிவிட்டு, வேப்பம் பிண்ணாக்கைத் தூளாக்கிச் சுற்றிலும் கொத்திவிடுங்கள். வறண்டு கிடக்கும் கன்றைத்தான் கரையான் தேடி வரும்.

தளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இது தண்ணீர்க் குறையில்லை. பழைய இலை பச்சையாக இருந்து, புதிய இலை வெளிறி, நரம்புகள் வலை போலப் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச் சத்து கிடைக்கவில்லை. சிமெண்ட், சுண்ணாம்பு இடிபாடு கலந்த மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. கைக்கு அகப்படும் சிமெண்ட் கட்டிகளைப் பொறுக்கி வெளியே போட்டு, மட்கிய எருவைக் கூட்டுங்கள். அவசரத்துக்கு அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்து, கால் எலுமிச்சை பிழிந்து, மாலையில் தளிர்மீது தெளிக்கலாம். வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும்.

இலையெல்லாம் உதிர்ந்துவிட்டது

பிடுங்கி எறிவதற்கு முன் நகத்தால் தண்டின் பட்டையை லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சையும் ஈரமுமாக இருந்தால் உயிர் இருக்கிறது. மேலே காய்ந்திருந்தால் கீழே கீழே கீறிக்கொண்டு வாருங்கள். பச்சை தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டிவிட்டு, வழக்கத்தில் பாதித் தண்ணீர் கொடுத்துக் காத்திருங்கள். இலையில்லாத கன்று அதிகம் குடிக்காது.

மாதத்தையும் பாருங்கள். வேம்பு மாசி, பங்குனியில் இலையுதிர்த்துத் தளிர்க்கும். நாட்டு வாதுமை இலையைச் சிவப்பாக்கி உதிர்க்கும். அரசும் புங்கனும்கூட அப்படித்தான். இதைக் கண்டு பயந்து குடம் குடமாகக் கொட்டி வேரை அழுக வைத்தவர்கள் உண்டு.

அடிப்பகுதியில் மட்டும் துளிர் வந்தால் நல்ல செய்திதான். நேராக வரும் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். ஒட்டு மாங்கன்று, ஒட்டு நாவல் என்றால் ஒட்டுக்குக் கீழே வரும் துளிர் வேறு சாதி. நிழல் போதும் என்பவர்கள் விட்டுவிடலாம், பழம் வேண்டுமென்றால் புதுக் கன்று.

கன்று ஆடுகிறது, பட்டை வெடிக்கிறது

காற்றில் தண்டு ஆடும்போதெல்லாம் புதிதாக விட்ட மெல்லிய வேர் அறுந்துபோகும். எவ்வளவு ஊற்றினாலும் வாட்டம் தீராது. சவுக்குக் கம்பு ஒன்றை ஊன்றி, பழைய துணியால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். நைலான் கயிறு வேண்டாம், பட்டையை அறுத்துவிடும். மேற்குப் பக்கப் பட்டை மட்டும் வெடித்தால் வெயில் சுட்டது. நீர்த்த சுண்ணாம்பு பூசினால் போதும்.

கன்றுக்கு ஊற்றத் தண்ணீரே இல்லை

மற்றதெல்லாம் செய்யத் தெரிந்தவர்களும் கடைசியில் இங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள். அடிபம்பு அடித்தும் லாரிக்குக் காத்திருந்தும் பிடித்த குடத்தை மரத்துக்குக் கொடு என்று ஒரு வீட்டுப் பெண்ணிடம் கேட்க எனக்கு வாய் வராது. புழல் ஏரி வறண்ட 2019 கோடையை இங்கே யாரும் மறந்துவிடவில்லை. மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010 முதல் இயங்குகிறது. என்றாலும் எல்லாத் தெருவுக்கும் குழாய் தாராளமாகக் கொட்டுவதில்லை. ஆகவே வீணாகும் தண்ணீரைத் தேட வேண்டும். எல்லா வீணும் ஒன்றில்லை.

ஏ.சி. தண்ணீர் முதல் தரம். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது, உப்பே கிடையாது. கடலோர ஈரப்பதத்தில் இரவெல்லாம் ஓடும் ஒரு ஏ.சி.க்குக் கீழே வாளி வைத்தால் காலையில் கன்றின் பங்கு தயாராக இருக்கும். உப்பு ஏறிய பாத்தியைக் கழுவ இதைவிட நல்லது மழைதான். அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீர் நன்று, அன்றன்றே ஊற்றிவிட வேண்டும். துணி அலசிய கடைசித் தண்ணீரை, சோப்பு நுரை இல்லையென்றால், முற்றிய கன்றுக்கு எப்போதாவது ஊற்றலாம். முதல் அலசல் வேண்டாம், அதில் சோடியம் மிகுதி.

ஆர்ஓ வடிகட்டி வெளியே தள்ளும் தண்ணீரைக் கன்றுக்கு விடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. சுத்தமாகத் தெரிகிறது, வீணாகவும் போகிறது, ஆகவே ஊற்றுகிறார்கள். வடிகட்டி பிரித்தெடுத்த உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான். உள்ளே போவது உப்பு போர் தண்ணீர் என்றால் வெளியே வருவது அதைவிட உப்பு. அதைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியூர் போவதென்றால் மெருகு பூசிய பானை வேண்டாம், மெருகு பூசாத சாதாரண சுட்ட மண்பானை வாங்குங்கள். கன்றுக்கு ஒரு சாண் தள்ளிக் கழுத்துவரை புதைத்து, நிரப்பி, தட்டால் மூடிவிட்டால் சுவர் வழியே கசிந்து நான்கைந்து நாள் தாக்குப்பிடிக்கும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் அதன் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும். பானையைப் பிறகு எடுத்துத் தேய்த்துக் கழுவ வேண்டியிருக்கும்.

எவ்வளவு, எத்தனை நாள்

ஐந்தடிக் கன்றுக்கு ஒரு தடவைக்கு ஒரு பிளாஸ்டிக் குடம், அதாவது சுமார் 12 முதல் 15 லிட்டர். கோடையில் முதல் மாதம் மணலில் நாள்தோறும். களியில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, குழி அனுமதித்தால் மட்டும். அடுத்த மாதங்களில் இடைவெளியைக் கூட்டி, பாத்தியையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விரியுங்கள். வேர் ஈரத்தைத் தேடி வெளியே போக வேண்டும். இரண்டாம் கோடையில் வாரத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று குடம். மூன்றாம் கோடையில் காலை இலை விறைப்பாக இருக்கும்வரை விட்டுவிடலாம்.

ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளில் நட்டு, படம் எடுத்துவிட்டுப் போகிறவர்கள் சென்னைக்கு மிக மோசமான பருவத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. புரட்டாசிக் கடைசியில் நட்டால் கன்று கத்திரிக்கு முன் ஆறு ஏழு மாதம் வேர்விடும். ஜூனில் கன்று இலவசமாகக் கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கவருக்கு மாற்றி, வாசல் நிழலில் வைத்து, ஏ.சி. தண்ணீர் ஊற்றிக்கொண்டு, முதல் நல்ல மழை பெய்து மண் ஒரு அடி நனைந்த பிறகு தெருவில் இறக்குங்கள். அன்றைக்குக் கவரை முழுதாக உரித்தீர்களா என்று ஒருமுறை பார்த்துவிட்டு மண்ணைத் தள்ளுங்கள்.